இல்லாத ஊருக்கு வண்ணம் பூசலாம் வாங்க!



மேப் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பத்தாம் வகுப்பில் ஆற்றுக்கு நீலப் பென்சிலும் மலைக்கு பிரவுன் பென்சிலும் தேய்த்து, விடைத்தாளோடு நூலில் கோத்துக் கட்டிக் கொடுத்த அவுட்லைன் மேப் ஞாபகம் வரும். சிவில் நண்பர்களுக்கு லெவலிங் ஸ்டாஃபும் காண்டூர் ஷீட்டும் ஞாபகம் வரும். ஆனால் உலகத்தில் எங்கேயுமே இல்லாத ஒரு ஊருக்கும் மேப் போடலாம். அதைக் கையால் வரைந்து, கம்ப்யூட்டரில் வண்ணம் பூசி, மலை மலையாகவே எழுந்து நிற்கும்படி நிழலும் கொடுக்கலாம். அது எப்படி என்பதை என்னால் முடிந்தவரை எளிமையாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இல்லாத ஊருக்கு எதுக்கு மேப்?

“இருக்கிற ஊருக்கே வழி தெரியல, இல்லாத ஊருக்கு மேப்பா?” என்று நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உலகப் புகழ்பெற்ற ஒரு நாவல் மேப்பிலிருந்துதான் பிறந்தது. 1881-ஆம் ஆண்டு ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் ஸ்காட்லாந்தில் பிரேமார் என்ற ஊரில் தங்கியிருந்தார். ஓயாத மழை. அப்போது பொழுதுபோக்காக ஒரு தீவின் மேப்பை வரைந்து வண்ணமும் தீட்டினார். அந்தத் தீவைப் பார்க்கப் பார்க்க அதில் நடமாடும் மனிதர்கள் அவர் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தார்கள். அதுதான் 1883-இல் ‘டிரெஷர் ஐலண்ட்’ என்ற புத்தகமாக வந்தது. மேப் முதலில், கதை பிறகு!

அடுத்து ஜே.ஆர்.ஆர். டோல்கீன். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955 ஆண்டுகளில் வெளிவந்தபோது அதற்கான மேப்பை வரைந்தவர் அவருடைய மகன் கிறிஸ்டோபர். பின்னர் 1970-இல் பாலின் பேய்ன்ஸ் என்ற பெண் ஓவியர் அந்த உலகத்தையே வண்ண போஸ்டராகத் தீட்டினார். அவருக்கு உதவியாக டோல்கீன் ஒரு மேப்பின் மேலேயே குறிப்புகள் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தத் தாள் 2015-இல் வெளிச்சத்துக்கு வந்தது. இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் பாட்லியன் நூலகத்தில் உள்ளது. அதில் அவர் என்ன எழுதியிருக்கிறார் தெரியுமா? ஹாபிட்டன் என்ற கற்பனை ஊர் ஏறக்குறைய ஆக்ஸ்ஃபோர்டின் அட்சரேகையில் இருக்கிறது, மினாஸ் டிரித் என்ற கற்பனை நகரம் இத்தாலியின் ரவென்னா அட்சரேகையில் இருக்கிறது என்று! அட்சரேகை தெரிந்தால் வெயில் தெரியும்; வெயில் தெரிந்தால் வண்ணம் தெரியும். கற்பனைக்கும் கணக்கு உண்டு என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

என்னென்ன வேண்டும்?

பயப்படாதீர்கள், பெரிய செலவு கிடையாது. ஒரு வழுவழுப்பான ஏ4 தாள், ஒரு ஹெச்.பி. பென்சில், ஒரு நல்ல கறுப்பு மை பேனா. இஞ்சினியரிங் டிராயிங் பழகிய கை நமக்கு ஏற்கெனவே இருக்கிறது. சாஃப்ட்வேருக்கும் காசு வேண்டாம். ‘ஜிம்ப்’, ‘க்ரீட்டா’ இரண்டுமே இலவசம். ஜிம்ப்பை 1995-இல் எழுத ஆரம்பித்தவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஸ்பென்சர் கிம்பால், பீட்டர் மாட்டிஸ் என்ற இரு மாணவர்கள். நம் புராஜெக்ட் மாதிரி ஆரம்பித்த ஒன்றுதான், இன்று உலகம் முழுக்க ஓடுகிறது. இனி நான் சொல்லப்போவது எல்லாம் ஜிம்ப்பை வைத்தே. மற்ற சாஃப்ட்வேரிலும் பெயர் சற்று மாறும், விஷயம் ஒன்றுதான்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். வீட்டில் சிஸ்டம் கிடையாது. லேபில் கிடைக்கும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் எனக்கும். ஆகையால் ஒவ்வொரு படியும் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்து, ‘சேவ்’ பண்ணிவிட்டு எழுந்து போகிற மாதிரியே பிரித்து எழுதியிருக்கிறேன்.

படி 1: தாளிலிருந்து கம்ப்யூட்டருக்கு

முதலில் பென்சிலில் லேசாக வரையுங்கள். கடற்கரை, மலை, ஆறு, காடு, ஊர் என்ற வரிசையில் போனால் குழப்பம் வராது. ஆறு மலையில் பிறந்து தாழ்வை நோக்கித்தான் ஓடும். போகப் போக மற்ற ஆறுகள் வந்து சேர்ந்து அகலமாகும். மேட்டில் ஏறும் ஆற்றை எந்த வண்ணத்தாலும் காப்பாற்ற முடியாது! பிறகு மையில் கோடு போட்டு, நன்றாகக் காய்ந்த பின் பென்சிலை அழியுங்கள். ஒன்று மட்டும் கவனம்: நிழலைக் காகிதத்தில் போடாதீர்கள். கோடு மட்டும் போதும்.

அடுத்து ஸ்கேன். ஜெராக்ஸ் கடையில் “300 டி.பி.ஐ. வெச்சு ஸ்கேன் பண்ணிக் குடுங்கண்ணே” என்று கேளுங்கள். ஓர் அங்குலத்தில் 300 புள்ளி என்று பொருள். ஏ4 தாள் இப்படி 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகளாக மாறும். 600 வைத்தால் இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு ஆகிவிடும். பழைய சிஸ்டம் மூச்சு வாங்கும். ஃபைலை ‘பி.என்.ஜி.’ வடிவில் வாங்குங்கள். ‘ஜேபெக்’ இடத்தை மிச்சப்படுத்துவதற்காகச் சில விவரங்களைக் கழித்துவிடும். கறுப்புக் கோட்டின் ஓரத்தில் அழுக்குப் போலப் படியும். ஸ்கேனருக்கு வழியில்லை என்றால், வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் தாளை வைத்து, நேர் மேலிருந்து செல்ஃபோனில் படம் எடுக்கலாம்.

கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் வெள்ளைத் தாள் மங்கலாக, சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். ‘கலர்ஸ்’ மெனுவில் ‘லெவல்ஸ்’ எடுத்து, வெள்ளை முக்கோணத்தைச் சற்று இடப்பக்கமும் கறுப்பு முக்கோணத்தைச் சற்று வலப்பக்கமும் நகர்த்துங்கள். தாள் பளிச்சென்று வெளுக்கும், கோடு கறுக்கும். ரொம்ப நகர்த்தினால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும், பார்த்துச் செய்யுங்கள்.

படி 2: லேயர் என்னும் கண்ணாடித் தாள்

எல்லா வித்தையும் இதில்தான் இருக்கிறது. லேயர் என்றால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் கடல், ஒன்றில் நிலம், ஒன்றில் காடு, ஒன்றில் நிழல், எல்லாவற்றுக்கும் மேலே நம் கோடு. ஒன்றைத் தொட்டால் மற்றது கெடாது. ஆட்டோகேட் தெரிந்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சுவர் ஒரு லேயர், கதவு ஒரு லேயர் என்று பிரிப்பதும் இதே யுக்திதான்.

ஏன் கோடு மேலே இருக்க வேண்டும்? இதற்கு விடை எனக்குப் புத்தகத்தில் கிடைக்கவில்லை, வாசலில் கிடைத்தது. மார்கழி மாதம் எங்கள் அம்மா கலர் கோலம் போடுவார். முதலில் வெள்ளை மாவில் கோடு, நடுவில் கலர்ப்பொடி, கடைசியில் அதே கோட்டின் மேல் மறுபடியும் வெள்ளைக் கோடு. “எத்தன கலர் வேணாலும் போடுடா, கோடு தெரியலைன்னா அது கோலமே இல்ல” என்பார். கம்ப்யூட்டரை ஒருநாளும் தொட்டிராத அம்மா சொல்வதைத்தான் இந்த சாஃப்ட்வேரும் சொல்கிறது!

ஆனால் ஒரு சிக்கல். ஸ்கேன் செய்த தாளின் வெள்ளை, கீழே உள்ள வண்ணத்தை மறைக்குமே? அதற்குத்தான் ‘மல்டிப்ளை’ என்ற மோடு. பெயரிலேயே பெருக்கல் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் 0 முதல் 255 வரை உள்ள ஓர் எண். மேல் லேயர் எண்ணையும் கீழ் லேயர் எண்ணையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது, அவ்வளவுதான். கீழே 200 இருக்கிறது என்போம்.

மேலே வெள்ளை (255) என்றால்: 200 × 255 ÷ 255 = 200. வண்ணம் மாறவில்லை.
மேலே கறுப்பு (0) என்றால்: 200 × 0 ÷ 255 = 0. கறுப்புக் கோடு அப்படியே நிற்கிறது.
மேலே சாம்பல் (128) என்றால்: 200 × 128 ÷ 255 = சுமார் 100. பாதி இருட்டு.

வெள்ளை கண்ணாடியாகிவிட்டது, கோடு நின்றுவிட்டது! மூன்றாவது வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், நிழலுக்கு அதுதான் உதவப்போகிறது.

நம்மைப் போன்றவர்களுக்கு லேயர் இன்னொரு விதத்திலும் பெரிய வரம். நல்ல டிராயிங் ஷீட்டும் பிரஷ்ஷும் பெயிண்ட்டும் வாங்கி, ஒரு துளி தவறாக விழுந்தால் காசு போச்சு. ‘தப்பு பண்ணிப் பார்க்கிற’ வசதி கையில் பணம் இருப்பவர்களுக்கே உரியது என்றுதான் நெடுநாள் இருந்தது. இங்கே பிடிக்காத லேயரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று போடலாம். பத்து முறை போட்டாலும் செலவு பூஜ்யம். எனவே தைரியமாகத் தொடுங்கள்.

படி 3: அடிப்படை வண்ணம்

கோட்டு லேயருக்குக் கீழே புதிய லேயர்கள் போட்டு, நிலம், கடல், காடு என்று சமமாக வண்ணம் நிரப்புங்கள். இந்தக் கட்டத்தில் நிழல், பளபளப்பு எதுவும் வேண்டாம்.

வண்ணத்தை நிரப்ப ‘பக்கெட்’ கருவி இருக்கிறது. கடற்கரைக் கோட்டில் ஓர் ஊசி அளவு இடைவெளி இருந்தாலும் கடல் ஊருக்குள் புகுந்துவிடும், எச்சரிக்கை! இடைவெளிகளை முதலில் அடையுங்கள். இன்னொன்று, நிரப்பிய பிறகு கோட்டின் ஓரமாக மெல்லிய வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். அதைத் தவிர்க்க, இடத்தைத் தேர்ந்தெடுத்தபின் ‘செலக்ட்’ மெனுவில் ‘குரோ’ கொடுத்து 2 புள்ளி விரித்து, பிறகு நிரப்புங்கள். மீறின ஓரம் கறுப்புக் கோட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும்.

வண்ணம் எத்தனை? ஐந்தாறு போதும். பளீர் பச்சை, பளீர் நீலம் எல்லாம் கல்யாணப் பந்தலுக்கு அழகு, மேப்புக்கு ஆகாது. நான் சொல்லும் எண்களை முதலில் முயன்று பாருங்கள்: நிலத்திற்கு சிவப்பு 222, பச்சை 208, நீலம் 170, கடலுக்கு 150, 175, 180, காட்டிற்கு 140, 150, 105. பழைய தாள் போன்ற நிறம் கிடைக்கும். இந்திய நில அளவைத் துறையின் டோப்போ ஷீட்டில் நீருக்கு நீலம், காட்டுக்குப் பச்சை, காண்டூருக்கு பிரவுன் என்று படித்திருக்கிறோம். கண் பழகிய அந்த வழக்கத்தைக் கற்பனை மேப்பிலும் மீற வேண்டாம்.

எங்கே பச்சை, எங்கே பழுப்பு? இங்கேதான் டோல்கீன் சொன்ன கணக்கு வருகிறது. காற்று கடலிலிருந்து எந்தப் பக்கம் வீசுகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். காற்று மோதும் மலைச்சரிவில் மழை கொட்டும், பச்சையாக்குங்கள். மறுபக்கம் மழை மறைவுப் பகுதி, பழுப்பாக்குங்கள். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தையும் இந்தப் பக்கம் நம் வறண்ட சமவெளியையும் பார்த்த நமக்கு இதைச் சொல்லியா தர வேண்டும்?

படி 4: வெளிச்சம் எந்தப் பக்கம்?

நிழல் போடுமுன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இது. மேப் உலகத்தில் நெடுநாள் வழக்கம், வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து, அதாவது வடமேற்கிலிருந்து வரவேண்டும் என்பது. கம்ப்யூட்டர் மூலம் நிஜமான மலைகளுக்கு நிழல் போடும்போதும் வழக்கமாகக் கொள்ளும் திசைக்கோணம் 315 டிகிரி, ஏற்றக் கோணம் 45 டிகிரி. சர்வேயிங் படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், ஹோல் சர்க்கிள் பேரிங் 315 என்றால் வடக்கு 45 டிகிரி மேற்கு!

வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பா போன்ற வடக்கு நாடுகளில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். அப்படியிருந்தும் ஏன் வடமேற்கு? காரணம் வானத்தில் இல்லை, நம் மூளையில் இருக்கிறது. வெளிச்சம் மேலேயிருந்துதான் வரும் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. கீழ்ப்பக்கத்திலிருந்து வெளிச்சம் வருவதாக நிழல் போட்டால் மலை பள்ளமாகவும் பள்ளத்தாக்கு மேடாகவும் தலைகீழாகத் தெரியும். நம்பவில்லையா? நிழல் போட்ட ஒரு மேப்பைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். இந்தக் கலையில் பெரிய ஆசானாகப் போற்றப்படுபவர் சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் இம்ஹோஃப் (1895–1986). மலைநாட்டுக்காரரான அவர் கையால் தீட்டிய மலை மேப்புகளைத் தொட்டால் கையில் குத்துமோ என்று தோன்றும்.

இப்போது செய்முறை:

1. புதிய லேயர் போட்டு மோடை ‘மல்டிப்ளை’ ஆக்குங்கள். ஒபாசிட்டி 35 சதவீதம் போதும்.

2. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். கறுப்பு போட்டால் கரி பூசியது போலாகும். நீலம் கலந்த சாம்பல் (70, 70, 110) எடுங்கள்.

3. ஓரம் மென்மையான பிரஷ்ஷால் ஒவ்வொரு மலைக்கும் வலது கீழ்ப்பக்கம் தீட்டுங்கள். உச்சிக்கோட்டை ஒட்டி அழுத்தமாகவும் அடிவாரம் நோக்கி மங்கலாகவும் இருக்கட்டும்.

4. காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் நிழல் போட்டால் கண் வலிக்கும். காடு முழுவதையும் ஒரே மேடாக நினைத்து, வலது கீழ் ஓரத்தில் மட்டும் போடுங்கள்.

5. இன்னொரு லேயரை ‘ஸ்க்ரீன்’ மோடில் போட்டு, மலைகளின் இடது மேல்பக்கம் இளமஞ்சளை மிக லேசாகத் தடவுங்கள். ஸ்க்ரீன் என்பது மல்டிப்ளைக்கு நேர் எதிர், வெளிச்சத்தைக் கூட்டும்.

6. இம்ஹோஃபின் பாடம் ஒன்று: உயர்ந்த சிகரத்தில் வெளிச்சமும் நிழலும் கூர்மையாக எதிரெதிரே நிற்கட்டும், தாழ்ந்த இடத்தில் மங்கட்டும். உயரம் தானாகத் தெரியும்.

7. கடற்கரைக்கு, நிலத்தைத் தேர்ந்தெடுத்து 20 புள்ளி விரித்து, ‘ஃபெதர்’ கொடுத்து ஓரத்தை மென்மையாக்கி, நில லேயருக்குக் கீழே இளநீலம் நிரப்புங்கள். கரையோரம் ஆழமற்ற நீர் தெரியும்.

படி 5: கறுப்பு வெள்ளைச் சோதனை

நம் ஆண்டு மலரின் உள்பக்கங்கள் கறுப்பு வெள்ளை. அதனால் என்ன? உண்மையான பரீட்சையே அங்கேதான். மேப்புக்கு ஒரு காப்பி எடுத்து, ‘டீசாச்சுரேட்’ கொடுத்து வண்ணத்தை நீக்கிப் பாருங்கள். நிலம் வேறு, கடல் வேறு என்று பிரிகிறதா? மலை எழுந்து நிற்கிறதா? நின்றால் நிழல் சரி. எல்லாம் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டால், இதுவரை வண்ணம் நம்மை ஏமாற்றிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். ஒன்றை இருட்டாக்கி மற்றதை வெளுப்பாக்குங்கள்.

இதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது வீட்டில். நான் எடுத்துப்போன பிரிண்ட்டை அப்பா வாங்கிப் பார்த்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. “இது எந்த ஊருடா?” என்றார். “மனசுல போட்டதுப்பா” என்றேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, விரலை வைத்து, “இது மேடு. தண்ணி இப்படி எறங்கி இங்க சேருது. ஊர இந்த வளைவுல வெச்சா வெள்ளம் வந்துடும், அந்த மேட்டுல வெச்சிருக்க, நல்லது” என்றார். மேப்பில் இருந்த ஒரு பெயரைக்கூட அவர் வாசிக்கவில்லை. நிழலை வாசித்தார்! எழுத்து தெரிந்தவர்களுக்கு மட்டும் பேசும் மேப் பாதி மேப்தான். எழுத்து தெரியாதவருக்கும் மண்ணைச் சொல்வதுதான் முழு மேப்.

படி 6: பெயர், பிரிண்ட், பத்திரம்

பெயர்களைக் கடைசியில், தனி லேயரில் எழுதுங்கள். கடலுக்கு எழுத்துகளை அகலமாகப் பரப்பி, ஊருக்குச் சிறியதாக. எழுத்தைச் சுற்றி நிலத்தின் நிறத்தில் லேசாக ஒரு வளையம் கொடுத்தால் மலைக்கோட்டின் மேலும் படிக்க முடியும். பழமை வேண்டுமா? ஒரு வெள்ளைத் தாளில் கடுந்தேநீர் டிக்காஷனைத் தடவி, காயவைத்து, ஸ்கேன் செய்து, மேலே ‘மல்டிப்ளை’ லேயராகப் போடுங்கள். நூறு வருஷத்து ஓலை மாதிரி ஆகிவிடும்!

மானிட்டர் தானே ஒளி வீசுகிறது, காகிதம் வீசுவதில்லை. எனவே பிரிண்ட் எப்போதும் சற்று இருட்டாகத்தான் வரும். முழுசாகக் காசு கொடுக்குமுன் ஒரு சிறு துண்டை மட்டும் பிரிண்ட் போட்டுப் பாருங்கள்.

எல்லா லேயர்களும் அப்படியே இருக்க ‘எக்ஸ்.சி.எஃப்.’ ஃபைலாகச் சேமியுங்கள். பிறருக்குக் கொடுக்க மட்டும் ‘பி.என்.ஜி.’. பென் டிரைவில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று என்று இரண்டு காப்பி கட்டாயம். ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், முன்பு சொன்ன ஸ்டீவன்சன் கையெழுத்துப் பிரதியோடு தன் மேப்பையும் பதிப்பகத்துக்கு அனுப்பினார். மேப் வந்து சேரவே இல்லை என்று பதில் வந்தது. வேறு காப்பி கிடையாது. தன் கதையையே வரி வரியாகப் படித்துக் குறிப்பெடுத்து, அதற்குப் பொருந்தும்படி இன்னொரு மேப் தயாரிக்க வேண்டியதாயிற்று. ஆனால் அது தனக்கு ஒருபோதும் அந்தப் பழைய தீவாகத் தோன்றவில்லை என்று பின்னாளில் வருந்தி எழுதினார். காப்பி எடுக்க அவருக்கு ஸ்கேனர் இல்லை. நமக்கு இருக்கிறது.

இது சோறு போடுமா?

நியாயமான கேள்வி. கற்பனை மேப் போட்டால் நாளைக்கே வேலை கிடைக்கும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் லேயர் பிரிக்கப் பழகிய கைக்கு ஆட்டோகேட் சுலபம். வெளிச்சத் திசை புரிந்த கண்ணுக்கு ஜி.ஐ.எஸ். படிப்பில் ‘ஹில்ஷேட்’ என்ற பாடம் வந்தால் பாதி தெரிந்த பாடம். ‘கியூ.ஜி.ஐ.எஸ்.’ என்ற இலவச சாஃப்ட்வேரில் நிஜமான மலைகளின் உயர விவரங்களைக் கொடுத்து இதே நிழலை வரவழைக்கலாம். இங்கே கையால் தீட்டியவன், அங்கே கம்ப்யூட்டர் ஏன் அப்படித் தீட்டுகிறது என்று காரணம் சொல்வான். பட்டன் அழுத்தத் தெரிந்தவனுக்கும் காரணம் தெரிந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் இன்டர்வியூவில் தெரியும்.

முடிவாக...

நண்பர்களே, கோடு உங்களுடையதாக இருக்கட்டும். வண்ணம் குறைவாக இருக்கட்டும். வெளிச்சம் ஒரே பக்கமிருந்து வரட்டும். மீதியை லேயர் பார்த்துக்கொள்ளும். அடுத்த லேப் நேரத்தில் மீதமிருக்கும் பத்து நிமிஷத்தில் ஒரே ஒரு மலை வரைந்து அதற்கு ஒரு நிழல் போட்டுப் பாருங்கள். சந்தேகம் வந்தால் சிவில் பிரிவு, கடைசி பெஞ்சுக்கு வாருங்கள். சேர்ந்து பார்ப்போம்!

— இரண்டாம் ஆண்டு மாணவன், சிவில் பிரிவு